பதினொரு வெள்ளைப் பொத்தான்கள்

1

இந்தக் கதையை நானாக எழுத நினைக்கவில்லை. கேட்டு வாங்குகிறார்கள்.

எங்கள் நலச் சேவைச் சங்கத்துக்கு இந்த வருடம் ஐம்பது நிறைகிறது. பொன்விழா மலர் போடுகிறார்கள். சங்கம் தொடங்கிய விதத்தைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டும் என்று இப்போதைய செயலாளர் வீடு தேடி வந்து கேட்டார். அவர் காலமான டாக்டரின் மகள். சங்கக் கட்டடத்தின் முகப்பில் பதித்திருக்கும் கல்லில், 'நிறுவனர்' என்ற சொல்லுக்குக் கீழே இருப்பது அவருடைய அப்பாவின் பெயர்.

"அங்கிள், முதல் பன்னெண்டு பேர்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. நீங்களும் எழுதலைன்னா யாரைக் கேக்கறது?"

"மிச்சம் இருக்கறவன் சொல்றதெல்லாம் சரித்திரம் ஆயிடுமாம்மா?"

"போனவங்க வந்து சொல்ல மாட்டாங்களே அங்கிள்."

அப்பாவின் வாய் அப்படியே வந்திருக்கிறது. ஒப்புக்கொண்டேன்.

கட்டுரை என்றுதான் ஒப்புக்கொண்டேன். மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்து, கதையாகத்தான் வருகிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. காரணத்தை அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். கட்டுரை என்று தலைப்புப் போட்டால் அதில் இருப்பதெல்லாம் நடந்தது என்று ஆகிவிடும். கதை என்றால், நாளை யாராவது எங்கள் குடும்பத்தைப் பார்த்து விரல் நீட்டும்போது, 'அது வெறும் கதைதானே' என்று சொல்லிவிட்டு உள்ளே போகலாம். நாற்பத்தைந்து வருடம் பதிவு அலுவலகத்தின் முன்னால் மேசை போட்டுப் பத்திரம் எழுதியவன் நான். தப்பிக்க வழி வைக்காமல் யாருக்கும் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்ததில்லை.

2

முதல் தொடக்கம்:

'மனிதநேயம் என்னும் மாபெரும் விளக்கை ஏந்தி, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டு நல்ல உள்ளங்கள் ஒன்றுகூடிய அந்தப் பொன்னாளில்—'

பன்னிரண்டு பேரையும் எனக்குத் தெரியும். ஒட்டுமொத்தமாக நல்ல உள்ளம் என்று சான்று கொடுக்க முடியாது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

'டாக்டர் அவர்களின் சிந்தையில் உதித்த—'

அவர் சிந்தையில் உதிக்கவில்லை. கல்லில் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் கல்லுக்கு வாசகம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். கல்லில் எழுதியதை அடிக்க முடியவில்லை. தாளில் எழுதியதை அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்:

'வாடகைக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். நாற்காலி, மேசை, கட்டில், பெரிய பாத்திரங்கள் எல்லாவற்றையும் நாள் வாடகைக்குக் கொடுப்பார். சங்கம் வேண்டும் என்று முதலில் நினைத்தவர் அவர். அவருடைய மனைவி என் தங்கை.'

கடைசி நான்கு சொற்களை எழுதியதும் பேனாவை மூடி வைத்தேன். அன்று அதற்கு மேல் ஓடவில்லை. ஆனாலும் இதை அடிக்கவில்லை. கதை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் போலிருக்கிறது.

3

தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். எனக்கு எண்பத்து மூன்று, அவளுக்கு எழுபத்தேழு. கண் நரம்பு தேய்ந்துவிட்டது. ஆள் நிற்பது தெரியும், எழுத்து தெரியாது. மலருக்கு நான் எழுதுவதை யார் போய்ச் சொன்னார்களோ, மறுநாள் மத்தியானம் சுவரைத் தடவிக்கொண்டே என் அறைக்கு வந்தாள்.

"அண்ணா, சங்கத்தைப் பத்தி எழுதறீங்களாமே."

"ரெண்டு பக்கம் கேட்டிருக்காங்க."

"அதுல எனக்கு ஒரே ஒரு வரி குடுங்க."

"என்ன வரி?"

"அவரைச் சங்கத்துல சேர விடாம கறுப்புப் பொத்தானைப் போட்டது அந்த டாக்டர்தான்னு எழுதுங்க. அச்சுல வரணும். யாராவது படிச்சு நான் என் காதால கேக்கணும். அப்புறம் போய்ச் சேந்துடுவேன்."

"செத்துப் போன மனுஷனைப் பத்தி இப்ப எதுக்கும்மா?"

"என் வீட்டுக்காரர் மட்டும் உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்காரா?"

அவள் வந்த வழியே சுவரைத் தடவிக்கொண்டு திரும்பிப் போனாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. புடவை கேட்டதில்லை, பங்கு கேட்டதில்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு தலையணைகூடக் கேட்டதில்லை. முதன்முதலாக ஒரு வரி கேட்கிறாள்.

என் சங்கடம் என்னவென்றால், டாக்டர் அந்தப் பொத்தானைப் போடவில்லை. போட்டது—

இந்த வாக்கியத்துக்கு ஒரு இடம் வரும். அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

4

கல்யாணத்தைப் பற்றிச் சொல்லாமல் தாண்டிவிட நினைத்தேன். தாண்டினால் நான் காரணமே இல்லாத கொடியவனாகத் தெரிவேன். காரணம் உள்ளவனாகவாவது தெரிகிறேன்.

எங்கள் அப்பா எதிரே வந்தால் ஊர்க்காரர்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அந்த வீட்டுப் பெண் வாடகைக் கடைக்காரரைத் தானாகத் தேர்ந்தெடுத்தாள். தேர்ந்தெடுத்தது போதாதென்று, நான் எந்த அலுவலகத்தின் முன்னால் உட்கார்ந்து பிழைத்தேனோ அதே அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டாள். நான் அன்று வழக்கம்போல மேசையில்தான் இருந்தேன். அவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் அடுத்த மேசைக்காரர். சாயங்காலம் கடையைக் கட்டும்போது அவர் என்னிடம் மெதுவாக, "தப்பா நினைக்காதீங்க சார். நீங்க எழுதினா எப்படி இருக்குமோ அப்படியே எழுதியிருக்கேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவரோடு நான் அதன் பிறகு பேசியதில்லை.

ஆறு வருடம் அவர்கள் இருந்த பக்கமே நான் திரும்பவில்லை. ஏழாம் வருடம் ஒரு காலை நிமிர்ந்து பார்த்தபோது, என் மேசைக்கு முன்னால் வரிசையில் நான்காவது ஆளாக அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். முறை வரும்வரை நின்றார். சங்கம் ஒன்று பதிவு செய்ய வேண்டும், விதிமுறைகள் எழுதித் தர வேண்டும் என்றார்.

"நோக்கம்?" என்று கேட்டேன். முதல் பத்தி அதுதான்.

"ஒரு பொண்ணு கட்டில் கேட்டு வந்துச்சுங்க மச்..." என்றவர் நிறுத்திக்கொண்டு, "வந்துச்சுங்க சார்" என்றார். "அம்மா படுத்த படுக்கை, தரையில கிடந்து முதுகெல்லாம் புண்ணுன்னுச்சு. நான் பழக்க தோஷத்துல சீட்டை எடுத்து, எத்தனை நாளைக்குன்னு கேட்டுட்டேன். நாற்காலிக்குக் கேக்கற மாதிரியே. அது என் முகத்தையே பாக்குது. பாவம், என்ன சொல்லும்? பத்து நாள்னு சொன்னா, பத்து நாள்ல அம்மா போயிடணும்னு ஆயிடுதே. அந்தக் கட்டத்தை நிரப்பாமலே கட்டிலை அனுப்பிட்டேன். அன்னையிலேந்து நோயாளிக்குன்னு வந்தா வாடகை கேக்க வாய் வரலைங்க. நான் ஒருத்தன் எத்தனை கட்டில் குடுக்க முடியும்? நாலு பேர் சேந்தா ஊருக்கே குடுக்கலாம்."

நான் எழுதினேன்: 'நோயுற்றோருக்குக் கட்டில் முதலிய சாதனங்களைக் கால வரையறையின்றி இலவசமாக வழங்குதல்.'

கால வரையறையின்றி. சங்கத்தின் சீட்டுகளில் இன்றும் அந்தச் சொல் இருக்கிறது. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் நல்ல சொல் அதுதான். அதுவும் என்னுடையது அல்ல.

5

ஒன்பதாம் விதி மட்டும் என்னுடையது. என்னுடையது என்றால், பழைய அதிகாரிகள் மன்றம் ஒன்றின் விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்து எடுத்து எழுதியது. புது உறுப்பினரைச் சேர்க்க இரகசிய வாக்கெடுப்பு. எதிர்த்து ஒரே ஒரு வாக்கு விழுந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி. கம்பீரமாக இருந்தது, எழுதினேன். தங்கையின் கணவரை நினைத்து எழுதவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். (நம்பாவிட்டாலும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இந்தக் கதையில் நான் நம்பச் சொல்லிக் கேட்பது இந்த ஓரிடத்தில்தான்.)

பதிவுக்கு டாக்டரை அழைத்து வந்தது அவர்தான். டாக்டர் வந்ததும் மற்றவர்கள் வந்தார்கள். தையல்காரர், ஜவுளிக்கடை முதலாளி, பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் என்று, டாக்டரையும் சேர்த்துப் பதினொரு பேர். பத்திரம் எழுதிய நானும் செயலாளராகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று டாக்டர் பிடிவாதம் பிடித்தார். எனக்கும் அது பிடித்திருந்தது. மறைப்பானேன்?

கையெழுத்துப் போடும் நேரத்துக்கு வாடகைக் கடைக்காரர் வரவில்லை. அவசரமாகக் கட்டில் கேட்டார்கள் என்று தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரின் அந்தக் கோடிக்குப் போயிருந்தார். ஒரு பத்து நிமிஷம் பார்க்கலாமே என்றார் டாக்டர். பதிவாளர் எழுந்துவிடுவார், அடுத்த கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன் நான். பதிவாளர் எழுந்திருக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

[அடிக்குறிப்பு: இந்த அரை மணியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெரிய விஷயத்துக்கு முன்னால் சின்னதாக வைத்துவிட்டால் யார் கண்ணிலும் படாது என்று நினைத்து இங்கே வைத்தேன். பிறகு நானே அடிக்குறிப்புப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டேன். எழுதும் பழக்கம் இல்லாதவன் கதை எழுதினால் இப்படித்தான்.]

இப்படியாக, சங்கத்தை நினைத்தவர் சங்கத்துக்கு வெளியே நின்றார். உள்ளே வர அவருக்கு ஒன்பதாம் விதி ஒன்றுதான் வழி.

6

முதல் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, டாக்டரின் மருத்துவமனை மாடியில். இரும்பு நாற்காலிகள் பதின்மூன்று. கொண்டு வந்தவர் வாடகைக் கடைக்காரர்தான். தோளிலிருந்த துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டார். பதின்மூன்றாவதைக் கடைசியில், சுவர் ஓரமாகப் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவருக்கும் டாக்டருக்கும் நடுத்தெருவில் பெரிய சண்டை. பக்கத்தடுப்பு இல்லாத கட்டில் ஒன்றை அவர் கொடுத்திருக்க, அதிலிருந்து ஒரு கிழவர் உருண்டு விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். "கட்டில் குடுத்தா போதுமா? புத்தி வேண்டாம்? தெரியாத வேலையில கை வச்சுக் கொலை பண்ணிடாதே!" என்று டாக்டர் கத்தியதைத் தெருவே கேட்டது. மறுநாளே கடையில் இருந்த கட்டில்கள் அத்தனைக்கும் தடுப்பு வைத்துவிட்டார் அந்த மனிதர். அதைத் தெரு பார்க்கவில்லை. சத்தம்தான் நினைவில் நின்றது.

நான் சற்றுத் தாமதமாகப் போனேன். எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எனக்கென்று வைத்திருந்த நாற்காலியை இன்னொரு முறை துடைத்தார். பிறகு, அத்தனை பேர் முன்னாலும், முகமெல்லாம் சிரிப்பாக,

"உக்காருங்க மச்சான்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்குத் தெரியாத உறவா? அந்தச் சொல் அன்றுவரை எனக்கும் அவருக்கும் நடுவே விழாமல் இருந்தது, அவ்வளவுதான். தங்கையின் கணவரை மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டியவன் நான். கூப்பிட்டால் அப்பாவின் வீடு அந்தக் கடையோடு சரிசமமாக உட்கார்ந்துவிடும் என்று ஏழு வருடமாக வாயைக் கட்டி வைத்திருந்தேன். அதை அவர் ஒரு துண்டை உதறுவது போல உதறிவிட்டார்.

முதல் பொருள் அவருடைய விண்ணப்பம். "சும்மா ஒரு முறைக்குத்தான், அஞ்சு நிமிஷம்" என்று டாக்டர் அவரை வராந்தாவுக்கு அனுப்பினார். தையல்காரர் சட்டைப் பொத்தான்கள் கொண்டு வந்திருந்தார். ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. சம்மதம் என்றால் வெள்ளையை, இல்லையென்றால் கறுப்பைப் பஞ்சு டப்பாவின் மூடியில் வெட்டிய ஓட்டை வழியாகப் போட வேண்டும். மிச்சப் பொத்தானை அவரவர் பையில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவராக மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் வந்தோம்.

நான் கறுப்பைப் போட்டேன்.

ஒரு வரைவில் இதற்குப் பிறகு ஒரு பத்தி இருந்தது. 'தோற்கடிக்க நினைத்தல்ல, என் மன வருத்தத்தைப் பதிவு செய்யவே' என்று தொடங்கியது. ஒரு கறுப்பு போதும் என்று எழுதியவனே நான். எந்த முகத்தோடு அந்தப் பத்தியை விட்டு வைப்பது? அடித்துவிட்டேன். இன்னொரு வரைவில், ஜவுளிக்கடை முதலாளியும் நிச்சயம் கறுப்புத்தான் போடுவார் என்று நான் நம்பியதாக எழுதியிருந்தேன். அது உண்மை, நம்பினேன். ஆனால் அவர் போடவில்லை.

டாக்டர் டப்பாவைத் திறந்தார். வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடிவிட்டு, புத்தகத்திலிருந்து படிப்பது போல, "விண்ணப்பம் ஏற்கப்படவில்லை" என்றார்.

வராந்தாவில் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். வாசலில் வந்து நின்றார்.

"அப்ப நாற்காலியெல்லாம் எடுத்துக்கலாங்களா? இல்ல, கூட்டம் இன்னும் இருக்கா?"

கூட்டம் இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதுவரை அவர் வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். சுவர் ஓரத்து நாற்காலி உள்ளே காலியாக இருந்தது. முடிந்ததும் பதின்மூன்றையும் மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் நோயாளிகளுக்குச் சேவை செய்வது பற்றித் தீர்மானம் நிறைவேற்றியிருந்தோம்.

7

இந்தக் கதையில் டாக்டரை எனக்குப் பிடிக்கவில்லை. வாசகருக்கும் பிடிக்காமல் போக வழி இருக்கிறதா என்று பார்த்தேன். முன்கோபி. நோயாளிகளைத் திட்டுவார். கல்லில் தன் பெயர் வந்தபோது வேண்டாம் என்று ஒரு தடவைதான் சொன்னார், இரண்டாம் தடவை சொல்லவில்லை. இவ்வளவுதான் கிடைக்கிறது. கீழே வருவதை எழுதினால் இதுவும் கரைந்துவிடும். எழுதாமல் விட்டால் கதை நிற்காது.

திங்கட்கிழமை காலை என் மேசைக்கு அவரே வந்தார்.

"டப்பால கறுப்பு ஒண்ணுதான் இருந்தது" என்றார். "யாருதுன்னு கேக்க வரலை. நீங்கதானே எழுதினீங்க, அந்த ஒம்பதாவதை மட்டும் கொஞ்சம் மாத்தி எழுதுங்க. பாதிக்கு மேல சம்மதம்னா போதும்னு வைங்க. மறுபடியும் ஓட்டுப் போட்டுச் சேத்துடலாம். அந்த ஆளு இல்லாம இந்தச் சங்கம் எதுக்கு?"

நான் மேசையிலிருந்த பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, "எழுதினது எழுதினதுதான் டாக்டர்" என்றேன்.

அவர் உடனே போகவில்லை. டப்பாவுக்குள் பார்த்தது போலவே என்னைப் பார்த்தார். அப்போது தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டார் என்று எனக்கும் தெரிந்தது.

"அவங்க வீட்டுல நான்தான் போட்டேன்னு நினைச்சிட்டிருக்காங்க" என்றார்.

"அப்படியா?"

"ஆமா. நினைச்சிட்டுப் போகட்டும். பொறந்த வீடு ஒண்ணாவது அந்தப் பொண்ணுக்கு மிஞ்சட்டும்" என்றார்.

சாகும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. எங்கள் குடும்ப கௌரவத்தைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால், அப்பாவும் இல்லை, நானும் இல்லை. அவர்தான். ஒரு வெளியாள். இதை எழுதும்போது எனக்கு நன்றி வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது. எண்பத்து மூன்று வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

8

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். சுருக்கமாக எழுதியதை வைத்துக்கொள்கிறேன்.

பத்தொன்பது வருடம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாற்காலி அவர் கடையிலிருந்துதான் வந்தது. மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லிப் பலர் கேட்டும் அவர் சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். தங்கை சிரிக்கவில்லை. டாக்டர் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் போய் நடந்தாள். காய்ச்சலுக்குக்கூட இரண்டு மைல் தாண்டி வேறு மருத்துவரிடம் போனாள்.

ஒரு மத்தியானம் மூன்று மணி. ஒரு கையெழுத்து வாங்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாவின் வீட்டை என் பெயருக்கு மாற்ற அவள் கையெழுத்து வேண்டியிருந்தது. அந்த வாசலை நான் மிதித்தது அன்றுதான் முதல் தடவை. உள்ளே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்திருந்தது. அவள் வாடகைக் காருக்கு ஆள் அனுப்பியிருந்தாள். நான்கு வீடு தள்ளி டாக்டர்.

யார் சொன்னார்களோ, டாக்டரே பையோடு ஓடி வந்தார். அறுபத்தைந்து வயது அவருக்கு. செருப்பு போடவில்லை.

தங்கை கேட்டை உள்பக்கம் சாத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கயே நில்லுங்க! உங்க கூடப் பத்து பேரோட உக்காரத் தகுதி இல்லாத மனுஷன்தானே? அவர் உடம்பைத் தொட மட்டும் உங்களுக்கு என்ன தகுதி? போங்க!"

"அம்மா, திட்டறதை அப்புறம் திட்டு. ஒரே ஒரு ஊசி. கதவைத் திற."

"எங்க அண்ணன் இருக்கார். அவர் பாத்துப்பார்."

டாக்டர் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். கேட்டுக்கும் எனக்கும் நடுவே ஐந்தடி இருக்கும். ஒரு வாக்கியம்தான் தேவை. நான்கைந்து சொல். டாக்டர் காத்திருந்தார். என் பெயரை அவர் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

நான் கார் வருகிறதா என்று தெருமுனையைப் பார்த்தேன்.

கார் வந்தது. ஏற்றினோம். வழியில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போய் முடிவதற்குள் பிடி தளர்ந்துவிட்டது.

பிள்ளைகள் இல்லை. காரியமெல்லாம் முடிந்ததும் தங்கையை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊர் சொன்னது. நான் மறுக்கவில்லை.

9

இதுவரை எழுதியதைத் தினமும் மத்தியானம் தங்கைக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவள் கேட்டாள், வாசிக்கிறேன். ஆனால் தாளில் இருப்பதை அல்ல. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயால் வேறொன்று சொல்கிறேன். மனிதநேய விளக்கு, நல்ல உள்ளங்கள், பொன்னாள். அடித்த தொடக்கம் எல்லாம் அதற்கு உதவுகிறது. ஆக, இந்தக் கதை இரண்டாக இருக்கிறது: உங்களிடம் இருப்பது ஒன்று, அவள் கேட்டது ஒன்று.

முந்தாநாள் வாசித்து முடித்ததும் அவள் சொன்னாள்: "ஆறு பக்கம் எழுதியிருக்கேன்னு சொன்னீங்க. தாளை ரெண்டு தடவைதான் திருப்பினீங்க."

"பொடி எழுத்தும்மா."

"பொய் சொல்லாதீங்க. எனக்குத் தெரியும்."

என் கை தாளிலேயே நின்றுவிட்டது.

"அவரைப் பத்தி நல்லதா எழுதியிருக்கீங்க. வாசிக்க வெக்கமா இருக்கு. அதானே?" அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. "பரவால்லண்ணா. எனக்கு உங்களைத் தெரியாதா? நேர்ல ஒரு தடவைகூட அவரை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டதில்ல. எழுத்துல கூப்பிட்டிருப்பீங்க. புஸ்தகம் வரட்டும், வேற யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்."

இதற்கு மேல் எனக்குக் கதை நகரவில்லை. இரண்டு நாள் ஆயிற்று.

10

முடிவுகள். என் கைவசம் இருப்பவை:

அவள் கேட்டபடியே டாக்டர் போட்டதாக எழுதலாம். அவள் நிம்மதியாகக் கண் மூடுவாள். ஆனால் இதை அச்சுக்குக் கொடுக்கப் போவது அவருடைய மகள். எழுத்துப்பிழை தவிர எதிலும் கை வைக்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்பா மேல் விழும் பழியைத் தானே மெய்ப்புத் திருத்துவார்.

ஜவுளிக்கடை முதலாளி மேல் போடலாம். போய்விட்டார், பிள்ளை குட்டி இல்லை, கேட்க ஆள் இல்லை. வாரிசு இல்லாத சொத்தைப் பார்த்தால் பத்திரம் எழுதுகிறவனுக்குக் கை அரிக்கும். இப்படி ஒரு பக்கம் முழுவதும் எழுதியும்விட்டேன். நன்றாகவே வந்திருந்தது. அவர் வெள்ளைப் பொத்தான் போட்டவர் என்பது நினைவுக்கு வந்ததும் கிழித்தேன்.

யார் போட்டது என்று தெரியாது என்று முடிக்கலாம். அது—

அது இந்த ஐம்பது வருடமும் நான் எழுதிக்கொண்டிருந்த முடிவுதான்.

நாலாவது, நானே அவள் எதிரில் உட்கார்ந்து என் வாயால் சொல்வது. நேர்மையான கதை இப்படித்தான் முடிய வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். இன்று காலை அவள் அறை வாசல்வரை போனேன். அவள் சட்டைப் பொத்தான் தைப்பது போல விரலால் புடவை ஓரத்தைத் தடவிக்கொண்டு—

இல்லை. அவள் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். பொத்தானை இங்கே கொண்டு வருவது கதைக்காரனின் வேலை. அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள், நான் சும்மா திரும்பி வந்தேன். எங்கள் வீட்டில் ஆண்கள் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கொடுக்க அவளிடம் மன்னிப்பு இருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. அவளுக்கு மிஞ்சியிருப்பது ஒரு அண்ணனும் ஒரு எதிரியும்தான். நான் வாயைத் திறந்தால் இரண்டும் ஒரே நொடியில் போய்விடும். அதற்குப் பிறகு அவள் யார் வீட்டில் இருப்பாள்? யார் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள்?

இந்தக் கேள்விகளைக்கூட அவளுக்காகக் கேட்பது போலத்தான் எழுதத் தெரிகிறது எனக்கு.

11

எழுதியதை எழுதியபடியே உறையில் போட்டு டாக்டரின் மகளிடம் கொடுத்துவிடப் போகிறேன். தைரியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்ல முடியாதவன் செய்வது இது.

மலர் முந்நூறு வீடுகளுக்குப் போகும். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வரும். தங்கை அதை மடியில் வைத்துக்கொண்டு முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். யார் உள்ளே வந்தாலும், பால் போட வருகிறவர், சிலிண்டர் போட வருகிறவர், கட்டிலைத் திருப்பிக் கொடுக்க வழி கேட்டு வருகிறவர், யாராக இருந்தாலும், "கண்ணு, அஞ்சு நிமிஷம் இருக்கா? எங்க அண்ணன் எழுதினது, கொஞ்சம் வாசியேன்" என்பாள். ஆசையாகக் கேட்பாள். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

நீங்கள் இதை முன்பே படித்திருப்பீர்கள். ஆறாம் பகுதி வரும்போது என்னைப் போல இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிடலாம். அவள் காது அதைப் பிடித்துவிடும், ஆனாலும் சிரிப்பாள். அல்லது இருப்பதை இருக்கிறபடி வாசிக்கலாம். எது இரக்கம், எது நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டையும் அறிந்திருந்தால் அன்று தெருமுனையைப் பார்த்திருக்க மாட்டேன். நான் அடுத்த அறையில்தான் இருப்பேன். கதவு திறந்திருக்கும். வெளியே வர மாட்டேன்.

பத்திரத்தில் கையெழுத்துக்கு மேலே வெற்றிடம் விட்டால், பின்னால் யாரும் எதையும் நுழைத்துவிடக் கூடாது என்று குறுக்கே கோடு இழுத்து அடைத்துவிடுவோம். இதற்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது. நான் கோடு இழுக்கவில்லை. வாசித்து முடித்ததும் அவள் ஏதாவது சொன்னால், அதை அங்கே எழுதிக்கொள்ளுங்கள்.